வளாகத்தில் ஆபத்து: கைபேசி எங்கே வரை வழி காட்டும்? வடசென்னைக் கல்வி நிலையங்களுக்கான கேள்வி பதில்

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பகுதிகளில் கல்லூரி, பாலிடெக்னிக், பள்ளி நடத்துகிறவர்களும் அங்கே பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள் கீழே உள்ளன. 'செயலி' என்று இங்கே சொல்வது, ஆபத்தில் மாணவர் பொத்தானை அழுத்தினால் அவர் இருக்கும் இடத்தை நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும் அவசரச் செயலியை. 'புள்ளி' என்பது, உதவி கேட்டவர் இருப்பதாக வரைபடத்தில் தெரியும் அந்த நீலப் பொட்டைத்தான்.

கைபேசி காட்டும் இடம் எவ்வளவு சரி?

திறந்த மைதானத்தில் வானம் முழுசாகத் தெரிந்தால், ஜிபிஎஸ் பிழை சாதாரண கைபேசியில் ஏறக்குறைய 5 மீட்டர். கட்டடத்துக்குள் போனால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். செயற்கைக்கோள் அலை காங்கிரீட்டைத் தாண்டி வராது. ஜன்னல் வழியே வந்தாலும் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்த அலையாக இருக்கும், அதனால் புள்ளி பக்கத்து பிளாக்கில் போய் உட்காரும். உள்ளே இருக்கும்போது கைபேசி சுற்றியுள்ள வைஃபைகளைப் பார்த்து இடத்தை ஊகிக்கிறது. அதில் 10 முதல் 40 மீட்டர் வரை தள்ளிப் போகலாம். வைஃபையும் இல்லாமல் டவரை மட்டும் நம்பினால் சில நூறு மீட்டர் என்பதே நல்ல முடிவு.

புள்ளியைச் சுற்றி வெளிர் நீல வட்டம் ஒன்று வரும். பலரும் அதைக் கவனிப்பதில்லை. ஆண்ட்ராய்டில் அந்த வட்டத்தின் பொருள், ஆள் அதற்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்பதுதான். அதாவது மூன்றில் ஒரு தடவை ஆள் வட்டத்துக்கு வெளியே இருப்பார். கட்டுப்பாட்டு அறைத் திரையில் புள்ளியை மட்டும் காட்டி வட்டத்தை மறைக்கும் மென்பொருளை வாங்காதீர்கள். 8 மீட்டர் வட்டமும் 300 மீட்டர் வட்டமும் திரையில் ஒரே மாதிரி தெரிந்தால் செக்யூரிட்டி இரண்டையும் ஒரே மாதிரிதான் நம்புவார்.

எல்லாம் சரியாக இருந்தும் புள்ளி ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் காட்டுகிறது. ஏன்?

பெரும்பாலும் அனுமதிக் கோளாறு. ஆண்ட்ராய்டு 12-லிருந்தும் ஐஓஎஸ் 14-லிருந்தும் 'துல்லிய இருப்பிடம்' என்று தனி சுவிட்ச் இருக்கிறது. மாணவர் அதை அணைத்து, 'தோராயமாக' என்று கொடுத்திருந்தால் ஆண்ட்ராய்டு ஏறக்குறைய 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ ஓர் இடத்தைத்தான் செயலிக்குத் தரும். செயலி திறந்ததும் இதைச் சரிபார்த்து, தோராயம் என்றால் சிவப்பில் எச்சரிக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் கண்டுபிடித்து என்ன பயன்?

மூன்றாவது மாடியா, தரைத்தளமா என்று தெரியுமா?

தெரியாது. இந்தத் துறையில் விற்பனைக்கு வருகிறவர்கள் கடைசிவரை சொல்லாமல் போகும் விஷயம் இதுதான். ஜிபிஎஸ் உயரத்தையும் தரும். ஆனால் உயரத்தில் பிழை கிடைமட்டப் பிழையைவிடப் பெரிது. மாடி ஒன்றுக்கு 3.3 மீட்டர்தான் என்னும்போது அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

காற்றழுத்த உணரி உள்ள கைபேசிகளில் ஒரு வழி உண்டு. கடல்மட்டத்தை ஒட்டி 8.5 மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். ஒரு மாடிக்கு 0.4. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சென்னையில் ஒரே நாளுக்குள் காலைக்கும் மாலைக்கும் இடையே அழுத்தம் தானாகவே 3 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு ஏறி இறங்கும். புயல் வந்தால் கேட்கவே வேண்டாம். எனவே தரைத்தளத்தில் ஓர் உணரியை நிரந்தரமாக வைத்து அதோடு ஒப்பிட்டால்தான் மாடி கிடைக்கும். விலை குறைந்த கைபேசிகள் பலவற்றில் இந்த உணரியே இல்லை.

நடைமுறையில் இரண்டு தீர்வுகள். ஒன்று, புளூடூத் பீக்கன்: சுவரில் மாட்டும் சின்னக் கருவி, தன் எண்ணைத் தொடர்ந்து ஒலிபரப்பும், கைபேசி அதைப் பிடித்து எந்த இடம் என்று அறியும். மற்றது பெயின்ட். பெயின்ட் என்றால் ஒவ்வொரு வகுப்பறைக் கதவின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் 'பி 2 14' போல பிளாக், மாடி, அறை எண் எழுதுவது. எழுத்து உள்ளங்கை உயரத்துக்குக் குறையக் கூடாது. உதவி கேட்கிறவர் போனில் அதைப் படித்துச் சொன்னால் போதும். கழிவறை, படிக்கட்டுத் திருப்பம், சைக்கிள் ஸ்டாண்டு, கேன்டீன் பின்புறம், மொட்டைமாடிக் கதவு ஆகியவற்றையும் விடாதீர்கள். ஆபத்து வகுப்பறையில் நடப்பதைவிட இந்த இடங்களில் நடப்பதுதான் அதிகம். வாங்கப்போகும் எந்தச் செயலியைவிடவும் இது மலிவு, கரண்ட் போனாலும் வேலை செய்யும். முதலில் இதை முடித்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

பீக்கன் எத்தனை வேண்டும்? எங்கே மாட்டுவது?

60 மீட்டர் நீள வராந்தா என்றால் 12 மீட்டருக்கு ஒன்று வீதம் மாடிக்கு 5. படிக்கட்டு இரண்டு இருந்தால் அவற்றுக்கு ஒவ்வொன்று. ஆக மாடிக்கு 7, மூன்று மாடிக்கு 21. கூடுதலாக மூன்று கையிருப்பு.

மாட்டும் உயரம் 2.5 முதல் 3 மீட்டர். இடுப்பு உயரத்தில் மாட்டினால் இடைவேளையில் வராந்தா நிறைய நிற்கும் பிள்ளைகளின் உடம்பே அலையைக் குடித்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பிலுள்ள நீர் நன்றாக உறிஞ்சும். இரும்பு பீரோ, மின்பெட்டி பக்கத்தில் வேண்டாம். படிக்கட்டு வாய்க்கு நேராகவும் வேண்டாம்: தளக் காங்கிரீட் தடுக்கும் அலை, படிக்கட்டுத் துளை வழியே மேல்மாடிக்கு ஏறி, இரண்டாம் மாடி ஆளை முதல் மாடியில் காட்டும். படிக்கட்டுக்கு என்று மாட்டுவதை நடுத் திருப்பத்தில் மாட்டி, 'முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே' என்றே பெயர் கொடுங்கள். செயலி ஒரே ஓர் அளவீட்டை நம்பாமல் நான்கைந்து அளவீடுகளின் சராசரியை எடுக்கிறதா என்று கேளுங்கள்.

கடற்கரையை ஒட்டிய காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் உப்புக்காற்று பேட்டரித் தொடுமுனைகளை அரித்துவிடும். பேட்டரி ஐந்து வருஷம் வரும் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் கைபேசியோடு நடந்து எல்லா எண்ணும் வருகிறதா என்று குறித்துவர வேண்டும். சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் கழற்றி மாற்றி மாட்டிவிடுவதும் சகஜம். அப்போது பீக்கன் பழுதில்லை, எந்த எண் எங்கே என்ற பட்டியல்தான் பொய். இதைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால் பெயின்டிங் வேலை முடிந்த மறுநாளே அந்த நடையை வைத்துக்கொள்ளுங்கள்.

புளூடூத் அணைந்திருந்தால் பீக்கன் பயனில்லை. ஆண்ட்ராய்டு 13-லிருந்து செயலி தானே அதை ஆன் செய்ய முடியாது. பயனரைத்தான் கேட்க வேண்டும்.

கேம்பஸ் முழுக்க வைஃபை இருக்கிறதே, அதை வைத்தே செய்யக் கூடாதா?

ஆண்ட்ராய்டில் ஓரளவு முடியும். ஐபோனில் சாதாரணச் செயலிக்குச் சுற்றியுள்ள வைஃபைகளின் பட்டியலே கிடைக்காது. மேலும் கரண்ட் போனால் ரவுட்டர் போய்விடும், யுபிஎஸ் இருந்தால் ஒழிய.

பையன் காலேஜுக்குள் இருக்கிறான், புள்ளி மெட்ரோ வாசலில் நிற்கிறது. எப்படி?

அது பழைய புள்ளி. வண்ணாரப்பேட்டை, தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையங்கள் தரைக்குக் கீழே இருப்பவை. அங்கே ஜிபிஎஸ் கிடையாது என்பதால் கைபேசி கடைசியாகத் தெரிந்த இடத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். மேலே வந்ததும் செயலி அவசரத்தில் அந்தப் பழைய இடத்தைத் தூக்கி அனுப்பிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் வயது காட்ட வேண்டும்: '4 நொடிக்கு முன்', '11 நிமிடத்துக்கு முன்' என்று. ஒரு நிமிடத்துக்கு மேல் பழசானது சாம்பல் நிறத்துக்கு மாறினால் நல்லது.

சரியான வழக்கம் இது: பொத்தானை அழுத்தியதும் கையிலிருக்கும் இடத்தை, பழசானாலும், உடனே அனுப்பு, 10 நொடியில் புதிய இடத்தை அனுப்பு, பிறகு 15 நொடிக்கு ஒருமுறை புதுப்பி. துல்லியம் வரட்டும் என்று காத்திருக்கும் செயலி ஆபத்தானது. இணைய உதவி இல்லாமல் ஜிபிஎஸ் புதிதாகத் தொடங்கினால், செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை விவரத்தை வாங்கவே 30 நொடி ஆகும்.

அட்சரேகை, தீர்க்கரேகையை வாயால் சொன்னால் போதுமா?

போதும், வரிசை மாறாமல் சொன்னால். நம் பகுதியில் முதல் எண் 13.1 என்றோ 13.2 என்றோ தொடங்கும், இரண்டாவது 80.2 அல்லது 80.3. மாற்றிப் போட்டால் தண்டையார்பேட்டைப் பிள்ளை நார்வேக்கும் வடக்கே ஆர்க்டிக் கடலில் மிதப்பான். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் சொன்னால் 11 மீட்டர் அளவு நுணுக்கம். அதற்கு மேல் சொல்வது நேர விரயம்.

112-ஐ அழைத்தால் போலீசுக்கே இடம் தெரிந்துவிடாதா? எங்களுக்குத் தனிச் செயலி எதற்கு?

வெறும் அழைப்பில் கதவு எண் வரை போய்ச் சேரும் என்று நம்பாதீர்கள். '112 இந்தியா' செயலியோ, தமிழ்நாடு காவல்துறை 2022-ல் வெளியிட்ட 'காவல் உதவி' செயலியோ கைபேசியின் இடத்தைச் சேர்த்து அனுப்பும். இவற்றை எல்லா மாணவர்களும் ஏற்றிவைக்கச் சொல்லுங்கள். அழைத்தாலும் பிளாக், மாடி, எந்த கேட் என்பதை வாயால் சொல்லப் பழக்குங்கள்.

2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் கைபேசிகளில் அவசரப் பொத்தான் வசதி இருக்க வேண்டும் என்பது விதி. பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிப்பது, ஸ்மார்ட்போனில் பவர் பொத்தானை மூன்று முறை அழுத்துவது என்று தொடங்கியது. ஆண்ட்ராய்டு 12-க்குப் பின் பல போன்களில் ஐந்து முறை. மாடலுக்கு மாடல் மாறுவதால், அறிமுக நாளில் பிள்ளைகள் அவரவர் போனின் அமைப்பைத் திறந்து 'அவசரநிலை' பகுதியைப் பார்த்து, யார் எண்ணுக்குத் தகவல் போகும் என்று நிரப்பிவிட வேண்டும். முக்கால்வாசிப் பேர் அதைக் காலியாகவே விட்டிருப்பார்கள்.

தனிச் செயலியின் நியாயம் ஒன்றுதான்: பின் கேட் சாவி யாரிடம் இருக்கிறது என்பது காவல் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியாது, உங்கள் வாட்ச்மேனுக்குத் தெரியும். அவர் இரண்டு நிமிடத்தில் போய் நிற்க முடியும். ஆகவே இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். உள்ளே விசாரித்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லலாம் என்று வரிசை வைக்காதீர்கள்.

ஆம்புலன்ஸ் எப்போதும் தவறான பக்கத்தில் வந்து நிற்கிறது. ஏன்?

உங்கள் நிலையத்தின் பெயருக்கான குறி வரைபடத்தில் நிலத்தின் நடுவில் இருக்கிறது. வண்டி அந்தக் குறிக்கு அருகிலுள்ள சாலைக்குத்தான் வழி காட்டப்படும். அது சுவர்ப்பக்கச் சந்தாக இருக்கலாம். கும்மிடிப்பூண்டி மார்க்க ரயில் பாதையை ஒட்டியிருக்கும் வளாகம் என்றால் இன்னும் மோசம்: குறி பத்து மீட்டர் தள்ளியிருந்தாலும் வண்டி தண்டவாளத்தின் மறுபக்கம் போய் நிற்கும், ரயில்வே கேட் மூடியிருந்தால் அங்கேயே.

வரைபடத்தில் ஒவ்வொரு வாசலையும் தனித்தனியாகப் பதியுங்கள்: 'மெயின் கேட்', 'ஹாஸ்டல் கேட்' என்று. 108-க்கு நிலையத்தின் பெயரோடு வாசலின் பெயரையும் சொல்ல வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசை எண்ணூர் நெடுஞ்சாலையிலோ மணலி சாலையிலோ நிற்கிறதா, மழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மூடியிருக்கிறதா என்பதையும் அழைக்கிறவரே சேர்த்துச் சொன்னால் வண்டி வேறு வழி எடுக்கும். தெருமுனையில் ஒருவரை நிறுத்துவது பழைய முறைதான். இன்றும் அதற்கு மாற்று இல்லை.

இன்டர்நெட் இல்லாவிட்டால்?

பொத்தானை அழுத்தியதும் டேட்டா வழியே 5 நொடியில் பதில் வராவிட்டால், செயலி அதே விவரத்தை எஸ்எம்எஸ்ஸாக அனுப்ப வேண்டும். கைபேசியிலிருந்து இன்னொரு கைபேசிக்குப் போகும் சாதாரண எஸ்எம்எஸ் என்பதால் டேட்டா தேவையில்லை. ஆனால் பேலன்ஸ் தீர்ந்த சிம்மில் போகாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பார்த்ததுபோல கரண்ட் நாள்கணக்கில் இல்லாமல் போனால் டவர்களும் படுத்துவிடும். அதற்கென்று ஒரு மெகாபோன், ஒரு கையால் சுற்றும் சைரன், நான்கு வாக்கிடாக்கி. இதில் அவமானம் எதுவும் இல்லை.

பேரிடர் எச்சரிக்கை வந்தால் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அலறுகிறதே, அதை நாங்களும் அனுப்ப முடியுமா?

முடியாது. அது 'செல் பிராட்காஸ்ட்'. டவர் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைபேசிக்கும் ஒரே மூச்சில் ஒலிபரப்புவது. யாருடைய எண்ணும் தேவையில்லை, நெரிசலிலும் போகும். அரசுக்கு மட்டுமே உரியது. 2023-ல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தொலைத்தொடர்புத் துறையும் நாடு முழுக்க இதைச் சோதித்தபோது பலர் போனில் ஹேக்கர் புகுந்துவிட்டதாகப் பயந்தார்கள். நீங்கள் செய்யக்கூடியது, மாணவர் போன்களில் அந்த எச்சரிக்கை அணைக்கப்படாமல் இருக்கிறதா என்று பார்ப்பதும், ஆணையத்தின் 'சாசெட்' செயலியைக் கட்டுப்பாட்டு அறைப் போனில் வைப்பதும்.

அப்படியானால் நாங்கள் எஸ்எம்எஸ் அனுப்பலாமே?

அனுப்பலாம், ஆனால் ஆபத்து வந்த அன்று தொடங்க முடியாது. மொத்தமாக அனுப்பும் எஸ்எம்எஸ்ஸுக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, அதற்கான 'டிஎல்டி' என்ற பதிவுத் தளத்தில் நிறுவனம், அனுப்புநர் பெயர், ஒவ்வொரு செய்தியின் வார்ப்பு (டெம்ப்ளேட்) மூன்றும் பதிவாகி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். பதியாத வாக்கியம் டெலிகாம் நிறுவனத்திலேயே தடுக்கப்படும். உங்களுக்குப் பிழைச்செய்திகூட உடனே வராது. அதனால் தீ, வாயுக் கசிவு, வெள்ளம், வெளியாள் ஊடுருவல், விடுமுறை, 'ஆபத்து நீங்கியது' என்று ஆறு வார்ப்புகளையாவது முன்கூட்டியே பதிந்துவையுங்கள். கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அது இல்லாமல் பிள்ளைகளை வகுப்பறையிலிருந்து வெளியே எடுக்க முடியாது.

வார்ப்பைப் 'புரமோஷனல்' என்ற வகையில் பதிந்துவிடாதீர்கள். அந்த வகை, தொல்லை அழைப்புத் தடை போட்டிருப்பவர்களுக்குப் போகாது, இரவிலும் போகாது.

இன்னொரு கண்ணி: 2024 அக்டோபரிலிருந்து, முன்பே பதியாத இணைய முகவரி உள்ள செய்திகள் தடுக்கப்படுகின்றன. 'இங்கே கூடுங்கள்' என்று வரைபட இணைப்பை ஒட்டினால் மொத்தச் செய்தியும் போகாது. இடத்தைச் சொல்லால் எழுதுங்கள்.

தமிழில் அனுப்பும்போது ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான்; ஆங்கிலத்தில் 160. அதிலும் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனிக் குறியாகக் கணக்காகும். 'கல்லூரி' நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு குறி. 'அம்மோனியா கசிவு. வெளியே வராதீர். ஜன்னலை மூடுங்கள்.' என்பது இடைவெளியோடு சரியாக 50 குறி. மிச்சம் 20-இல் நிலையத்தின் பெயரைச் சுருக்கி அடக்கிவிடலாம். 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும், துண்டுக்கு 67 குறிதான். 3,000 பேருக்கு நொடிக்கு 30 வீதம் போனால் 100 நொடி. இரண்டு துண்டானால் 200 நொடி. ஆபத்தில் அந்த 100 நொடி சின்ன விஷயமல்ல.

வாட்ஸ்அப் குரூப் போதாதா?

வகுப்பு அளவில் உதவும், முழு நிலையத்துக்கும் நம்ப முடியாது. பாதிப் பேர் குரூப்பை 'மியூட்' செய்திருப்பார்கள். ஒளிபரப்புப் பட்டியல் என்றால் 256 பேர் வரைதான், அதுவும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும் போகும். வதந்தியும் உண்மையும் ஒரே குரூப்பில் ஓடும். ஆனால் தனியாக ஒருவர் மாலை வகுப்பு முடிந்து ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது 'லைவ் லொகேஷன்' பகிர்வது நல்ல பழக்கம். 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று தேர்வு உண்டு. 1 மணி நேரம் போதும். 8 மணி நேரம் பேட்டரியைத் தின்னும், நிறுத்தவும் மறப்பார்கள்.

எல்லை வரைந்து, உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை அனுப்பும் வசதி வாங்கலாமா?

வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கைபேசிக்காக வரையும் இந்த எல்லை ('ஜியோஃபென்ஸ்') ஒரு வட்டம். நம்பகமாக வேலை செய்ய 100 முதல் 150 மீட்டர் ஆரம் வேண்டும். நம் பக்கத்து வளாகங்கள் நெரிசலான தெருக்களுக்கு நடுவே குறுகலாக இருப்பவை. அந்த வட்டத்துக்குள் எதிர்க்கடை, பஸ் ஸ்டாண்டு, பக்கத்துப் பள்ளி எல்லாம் வந்துவிடும். உள்ளே நுழைந்ததை ஆண்ட்ராய்டு உணரவே இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம்.

அதைவிட முக்கியம், வாயுக் கசிவு நேரத்தில் எச்சரிக்கை மிக அவசியமாகத் தேவைப்படுவது வெளியே இருப்பவருக்கு. பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும் பிள்ளை, கசிவுக்குள் நேராக வந்து இறங்கும். ஆகவே பதிவேட்டில் உள்ள எல்லோருக்கும் அனுப்புங்கள். தேவையில்லாத நூறு பேர் படித்தால் நஷ்டமில்லை.

வாயுக் கசிவு எச்சரிக்கையில் என்ன எழுத வேண்டும்?

இந்தப் பகுதியில் இதுதான் தலையாய கேள்வி. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் நெடி தாங்காமல் முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது.

'வாயுக் கசிவு, பாதுகாப்பாக இருங்கள்' என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். என்ன வாயு என்பதைப் பொறுத்து செய்ய வேண்டியது தலைகீழாகும். அம்மோனியா காற்றைவிட லேசானது, ஆனால் குளிர்ந்த திரவமாகக் கசிந்தால் வெள்ளைப் புகைபோலத் தரையோடு படரும். உள்ளே இருந்து கதவு ஜன்னலை மூடி, ஏசி, எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தி, ஈரத்துணியால் மூக்கை மூட வேண்டும்; அது தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால் ஈரத்துணி பயன் தரும். குளோரின் காற்றைவிடக் கனம், கீழே தங்கும் என்பதால் பிள்ளைகள் மேல்மாடிக்கு ஏறிக்கொள்ளலாம். எல்பிஜியும் கனம்தான், ஆனால் அங்கே ஃபேனை நிறுத்துகிறேன் என்று சுவிட்சைத் தொட்டால் அந்தப் பொறியே போதும், தொடாமல் வெளியேற வேண்டும். ஆகவே மூன்றுக்கும் தனித்தனி வார்ப்பு. எது என்றே தெரியாவிட்டால் 'உள்ளே இருங்கள், மூடுங்கள், அடுப்பும் சுவிட்சும் தொடாதீர்கள்'.

வெளியே இருப்பவருக்குத் திசை சொல்ல வேண்டும், காற்றுக்குக் குறுக்காக நடக்கச் சொல்ல வேண்டும். பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். இரவில் நிலக்காற்று மேற்கிலிருந்து, அதாவது மணலிப் பக்கமிருந்து திருவொற்றியூரை நோக்கி. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் எண்ணூர் நெடி தெற்கே இறங்கும். இவை பொதுவழக்குதான். மொட்டைமாடியில் ஒரு துணிக்கொடி கட்டிவைத்து, அனுப்புகிறவர் அதைப் பார்த்துவிட்டு எழுதட்டும். 'கிழக்கே போங்கள்' என்றால் பாதிப் பேருக்குக் குழப்பம். 'பீச் பக்கம்', 'ரயில்வே லைன் பக்கம்' என்று எழுதுங்கள்.

எச்சரிக்கையை யார் அனுப்ப வேண்டும்? முதல்வர் ஒப்புதல் தேவையா?

அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007 ஏப்ரல் 16 அன்று விடுதியில் முதல் துப்பாக்கிச் சூடு காலை 7:15 அளவில். மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் 9:26-க்கு. 9:40 அளவில் வேறு கட்டடத்தில் இரண்டாவது தாக்குதல். அன்று கொல்லப்பட்டவர்கள் மொத்தம் 32 பேர். மின்னஞ்சல் அனுப்பத் தொழில்நுட்பம் இல்லாமல் தாமதிக்கவில்லை. நிலைமையைத் தெரிந்துகொண்டு அனுப்பலாம் என்று கூடிப் பேசியதில் நேரம் போனது. 2008-ல் அந்நாட்டின் வளாகப் பாதுகாப்புச் சட்டமான கிளேரி சட்டத்தில், ஆபத்து உறுதியானதும் தாமதமின்றி அறிவிக்க வேண்டும் என்று திருத்தம் வந்தது.

ஆகவே பொத்தான் அதிகாரம் குறைந்தது நான்கு பேரிடம் இருக்கட்டும், அவர்களில் ஒருவர் இரவுப் பணி செக்யூரிட்டி. முதல் செய்தி அனுப்ப யாரிடமும் கேட்க வேண்டாம் என்று முதல்வர் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். திருத்தம், விளக்கம் எல்லாம் இரண்டாவது செய்தியில்.

செயலி சில போன்களில் தூங்கிவிடுகிறதே?

பேட்டரி மிச்சம் பிடிக்க ஷாவ்மி, விவோ, ஒப்போ, ரியல்மி போன்களின் மென்பொருள் பின்னணிச் செயலிகளைக் கொன்றுவிடும். எச்சரிக்கை மறுநாள் காலையில் செயலியைத் திறக்கும்போதுதான் வரும். ஒவ்வொரு போனிலும் 'ஆட்டோ ஸ்டார்ட்' அனுமதி கொடுத்து, பேட்டரிக் கட்டுப்பாட்டை 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்ற வேண்டும். ஐபோனில் சைலன்ட்டையும் மீறி ஒலிக்க, ஆப்பிளிடம் செயலி தனி அனுமதி பெற்றிருக்க வேண்டும்; விற்பனையாளரிடம் அது இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள்.

தவறி அழுத்தினால்? விளையாட்டுக்கு அழுத்தினால்?

3 நொடி அழுத்திப் பிடித்தால்தான் போகும் என்று வைத்தால் பாக்கெட்டில் தவறி அழுந்துவது பெரும்பாலும் நிற்கும். ரத்து செய்ய 5 நொடி. அதற்குப் பின் 'ரத்து' வந்தாலும் செக்யூரிட்டி நேரில் போய்ப் பார்த்தே தீர வேண்டும், ஏனென்றால் போனைப் பிடுங்கியவரும் ரத்து செய்யலாம். அழுத்தியவரின் போன் சத்தம் போடவோ, திரும்ப அழைக்கவோ கூடாது; ஒளிந்திருப்பவரை அது காட்டிக்கொடுக்கும். விளையாட்டுக்கு அழுத்தியவரை முதல் தடவை திட்டாமல் விடுங்கள். திட்டினால் அடுத்த முறை நிஜமாகத் தேவைப்படுகிற பிள்ளை தயங்கும்.

விடுதி மாணவிகள் எங்கே இருக்கிறார்கள் என்று 24 மணி நேரமும் பார்க்கலாமா? பெற்றோரே கேட்கிறார்களே.

கூடாது. பாதுகாப்பு என்ற பெயரில் வேவு பார்த்தால் நடப்பது ஒன்றுதான்: போனை அறையில் வைத்துவிட்டு வெளியே போவார்கள். ஆபத்து வரும்போது புள்ளி அறையில் இருக்கும், பிள்ளை இருக்காது. அவசரச் செயலிக்கு 'எப்போதும் அனுமதி' தேவையே இல்லை. 'பயன்படுத்தும்போது மட்டும்' போதும். பொத்தான் அழுத்தினால் மட்டும் இடம் வரட்டும், சம்பவம் முடிந்ததும் நிற்கட்டும், 30 நாளில் அழியட்டும். யார் எப்போது திரையைத் திறந்தார் என்று பதிவு இருக்கட்டும். கல்லூரி மாணவர்களுக்கு இடையே ரூட்டு தகராறு நடக்கும் பஸ், ரயில் தடங்களில் எந்தப் பையன் எந்த ரயிலில் வருகிறான் என்ற தகவல் கைமாறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சட்டமும் உண்டு. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ள எல்லோரையும் குழந்தை என்கிறது. பெற்றோர் ஒப்புதல் வேண்டும், குழந்தையைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள் கல்வி நிலையங்களுக்குப் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக ஒரு விலக்கு தருகின்றன. அதைச் சாக்காக வைத்து வருகைப்பதிவுக்கோ, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்க்கவோ கூடாது. பாலிடெக்னிக் முதலாண்டுப் பிள்ளைகள் 15, 16 வயதுக்காரர்கள், கல்லூரி முதலாண்டிலும் பலருக்கு 17 என்பதை மறக்காதீர்கள்.

கல்லூரிப் பேருந்தில் என்ன வேண்டும்?

வாகனங்களின் இடம் காட்டும் கருவிகளுக்கான இந்தியத் தரமான ஏஐஎஸ்-140-க்கு உட்பட்ட கருவி. அதில் இடம் காட்டும் வசதியும், அவசரப் பொத்தானும், வண்டி பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் சிறிது நேரம் ஓடும் உள் பேட்டரியும் உண்டு. பூண்டி ஏரி உபரிநீர் திறந்து கொசஸ்தலையாறு பெருகும் நாள்களில் மணலி புதுநகர், சடையங்குப்பம் வழி போகும் வண்டிகளைத் திரையில் பார்த்துத் திருப்பிவிட இது உதவும்.

ஒத்திகையை எப்படி நடத்துவது?

மூன்று போன்: விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஒன்று, நடுத்தரம் ஒன்று, ஐபோன் ஒன்று. சிம் ஜியோ, ஏர்டெல், வி என்று ஆளுக்கொன்று. ஒவ்வொரு பிளாக்கிலும் தரைத்தளம், மேல்மாடி, கழிவறை, படிக்கட்டு. ஒவ்வோரிடத்திலும் அழுத்தி நான்கு நேரங்களைக் குறியுங்கள்: அழுத்தியது, திரையில் தெரிந்தது, செக்யூரிட்டி கிளம்பியது, அவர் அங்கே வந்து நின்றது. முதல் இரண்டுக்கும் இடைவெளி பெரும்பாலும் சில நொடிதான் இருக்கும். கிளம்புவதற்கும் சேர்வதற்கும் நடுவேதான் நிமிடங்கள் போகும்: பூட்டிய கிரில், சாவி வேறு ஷிப்டில், 'பி பிளாக்' என்றால் எது என்று புது ஆளுக்குத் தெரியாதது. அந்தத் தாளில் எந்த வரி நீளமோ அதை முதலில் சரிசெய்யுங்கள். செயலிக்கான பணத்தில் ஒரு பகுதி, சாவிப் பலகைக்கும் ஷிப்டுக்கு இன்னொரு ஆளுக்கும் போகும்படி ஆகலாம்.

பருவத்துக்கு (செமஸ்டருக்கு) ஒன்று போதும், ஆனால் வருஷத்தில் ஒன்று மாலை 6 மணிக்கு மேல், ஒன்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு. ஒத்திகைச் செய்தியின் முதல் சொல் 'ஒத்திகை' என்றே இருக்கட்டும். பக்கத்துக் காவல் நிலையத்துக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.